இரண்டு எண்ணு

ஜாலான் ஈப்போவில் டயர்க்கடைக்கு மேல்மாடி.
ஒத்திகை முடிந்தும்
வட்டம் கலையாமல் கிடந்தன நாற்காலிகள்.
கைப்பேசியைப் பதிவில் போட்டுக்
கவிழ்த்து வைத்தேன்.
நாடக வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள் என்றேன்,
கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

இயக்குநர் புஷ்பநாதன்
மண்டப வாடகையில் தொடங்கினார்.
பத்தரைக்கு மேல் ஒரு நிமிடம் போனாலும்
முழுதாய் இன்னொரு மணிநேரத்துக்குக் காசு.
அதனால் மூன்றாம் காட்சியில் சாகவேண்டியவன்
சீக்கிரமே செத்துவிடுகிறான்.
"கலை அது இதுன்னு நீங்க எழுதிக்கோங்க.
ஆனா வெட்டுன அந்த ரெண்டு வசனம் இருக்கே,
எழுதுன எனக்கே வயிறு எரியுது."

செத்தவர் தேவசகாயம்.
விடிகாலை மூன்றுக்கு
செலாயாங் சந்தையில் மீன்பெட்டி இறக்குபவர்.
ஒருமுறை கிள்ளானில் பிணமாய்ப் படுத்தவர்
அசந்து குறட்டைவிட,
மகனாய் நடித்த பையன்
"ஐயோ, அப்பா இன்னும் போகல" என்று அழுதிருக்கிறான்.
அப்படிக் கைதட்டு அப்புறம் வரவே இல்லை என்றார்,
விரலை மோந்து பார்த்தபடி.
வாடை போய்விட்டதா என்று
அவர் அடிக்கடி பார்த்துக்கொள்கிறார்.

அவள் வந்தபோது மழையும் வந்தது.
தகரக் கூரை, பாதி காதில் விழவில்லை.
திலகேஸ்வரி என்று வைத்துக்கொள்வோம்.
பதினொரு வருடமாய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி.
நாடகத்திலும் அதே வேஷம்.
முதல் வாரமே புஷ்பநாதன் சொன்னாராம்:
"நீ மிஸ்ஸி மாதிரியே இல்லலா."

கையில் இருப்பதைக் கீழே வை.
மனசுக்குள் இரண்டு எண்ணு.
அப்புறம் வாயைத் திற.

"வார்டுல நாங்க எங்கண்ணே நிக்கிறோம்?
நடந்துக்கிட்டேதான் எல்லாத்தையும் சொல்லுவோம்."
சிரித்தாள்.
சிரிப்பு முடிந்த இடத்தில்
மழையை மட்டும் கொஞ்ச நேரம் பதிவு செய்தேன்.

நோன்பு மாதமாம். விடியவில்லையாம்.
டாக்டர் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.
அந்த மலாய்க்கார அம்மாவுக்கு விளங்கவில்லை,
மகன் இருக்கிறானா, இல்லையா.
இவளைப் பார்த்திருக்கிறாள்.

"பேனாவைக் கீழ வச்சேன்.
ஒண்ணு.
ரெண்டு.
அப்புறம்தான் சொன்னேன்.
என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.
இத்தனை வருசத்துல யாரும் பிடிச்சதில்ல.
அண்ணே,
நான் அங்க நடிச்சிட்டேனா?"

என் தாளில் பதினான்கு கேள்விகள் மிச்சமிருந்தன.
தே ஓ ஆறிப்போயிருந்தது.

இதை மட்டும் அழித்துவிடுங்கள் என்றாள்.
அவள் கண்முன்னாலேயே அழித்தேன்.
இங்கே இருப்பது
அழிக்கத் தெரியாத என் தலையில் தங்கியது.

முதல்நாள் காட்சிக்குப் போயிருந்தேன்.
தேவசகாயம் சொல்லிவைத்தபடி சீக்கிரம் செத்தார்.
வெள்ளை உடுப்பில் அவள் வந்தாள்.
கையிலிருந்த பேனாவை
மேஜையில் வைத்தாள்.
ஒன்று.
இரண்டு.
மூன்றாவது வரிசையில் யாரோ இருமினார்கள்.
நான்கு, ஐந்து.
வசனத்தை மறந்துவிட்டாள் என்றது பின்வரிசை.
விளக்குப் பலகை அருகே புஷ்பநாதன்
கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்,
எடுத்துக் கொடுக்கத் திறந்த வாயை
மூடிக்கொண்டார்.
ஏழுவரை எண்ணினேன்.
அப்புறம் எண்ண முடியவில்லை.

அன்றைக்குத் திரை விழும்போது பத்து முப்பத்தொன்று.
காவலாளி ரசீதோடு வாசலில் நின்றான்.
சில்லறை போதாமல்
தேவசகாயமும் இருபது வெள்ளி போட்டார்.

மறுநாள்
அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.
எப்படியும் காசு போகப்போகிறதே என்று
செத்தவருக்கு
அவருடைய இரண்டு வசனமும்
திரும்பக் கிடைத்தது.