குவைஃபாத் வரிசை

எனக்கு முன்னே நூற்றுப் பதினேழு லாரிகள்.
ஏசி போட்டால் டீசல் தீரும்,
போடாவிட்டால் நான்.

சீட்டுக்கு அடியில் ஒரு தடிப் புத்தகம்,
முன்பு இந்த வண்டியை ஓட்டிய திரவியம் விட்டுப்போனது.
டீக்கறை படிந்த ரோமாபுரி.
முதல் பக்கத்திலேயே ஒரு கொலை.

சுங்கச்சாவடி கண் திறப்பதற்குள்
நான்கு படையணிகள் ஆற்றைக் கடந்துவிட்டன.
ஒரு லாரி நீளம் நகர்ந்தேன்.
பேரவைத் தூணுக்குப் பின்னால் கத்தி.
இன்னொரு லாரி நீளம்.

பின்னால் ஹாரன்.
'சலோ பாய்!' என்கிறார் பெஷாவர்க்காரர் குல்ஸமான்.
அவருக்கென்ன தெரியும்,
பேரரசன் இப்போதுதான்
விஷக் கோப்பையைக் கையில் எடுத்திருக்கிறான்.
கடைசி அத்தியாயத்தைக் கிழித்து
எதையோ துடைத்திருக்கிறான் திரவியம், பாவி.
செத்தானா பிழைத்தானா,
இனி என் இஷ்டம்.

முத்துமாலை, துரோகம், எரியும் நகரம்
எல்லாமே ருசிதான்.
ஆனால் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
ஒரே ஒரு வரி:
'சுமைவண்டிகள் இரண்டு நாள் பிந்தி வந்து சேர்ந்தன.'
ஓட்டியவன் பேர் இல்லை.
சாப்பிட்டானா என்றும் இல்லை.
மறுவரியில் எக்காளம், யுத்தம்.

அந்த வரியின் ஓரத்தில்
பேனாவால் பொடியாக,
திரவியத்தின் கோணல் கையெழுத்து:
வெங்காயம். இருபத்திரண்டு டன்.