ஜெலுத்தோங் கிளை, இரவு பதினொன்று

நாங்கள் கேட்டது இவனை இல்லை.
பெயர் அறிவித்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு
வெளியே போனவள் நான்தான்.
மின்தூக்கி சரியாகிவிடும் என்றவன்
எங்கள் ஏழாம் மாடிக்கு
ஒருநாளும் படியேறி வந்ததில்லை.

இப்போது அவன் முகத்துக்குப் பின்புறம்
பசை தடவிக்கொண்டிருக்கிறேன்.

"வெட்கமா இல்லையாக்கா?" என்கிறான் இளஞ்சேரன்.
சீட்டை வெறுமையாக மடித்துப் போடுவானாம்.

போன தடவை எண்ணும் மேசையில்
முகவராய் உட்கார்ந்திருந்தேன்.
வெறுஞ்சீட்டு நூற்றுப் பன்னிரண்டு.
தோற்றது தொண்ணூறில்.
எதிரணிக்காரன் எனக்கொரு மிட்டாய் நீட்டினான்.
இதை இவனிடம் எத்தனை முறை சொல்வது.

தூறல் பிடிக்கிறது.
ஒட்டிய முகத்தில் இடது கன்னம்
காற்றடைத்து உப்பியிருக்கிறது.
உள்ளங்கையால் அடித்துச் சமன் செய்கிறேன்,
தேவைக்குக் கொஞ்சம்
அதிகமாகவே.