மறுகா

எங்கள் பக்கத்தில் பாதை என்றால் ரோட்டு இல்லை.
ஒரு இரும்புத் தட்டு, இரண்டு பக்கமும் கம்பி,
பின்னால் இருமுகிற எஞ்சின்.
குருமண்வெளியில் ஏறினால் மண்டூர்த் துறையில் இறங்கலாம்.
நடுவில் வாவி. வாவியில் நான்,
தோளில் தோல்பை, கையில் டிக்கற் கட்டு.

ஆறு வருடம்.
ஒரு நாளைக்கு இருபத்திரண்டு தரம் அக்கரைக்குப் போய்
ஒரு தரமும் எங்கேயும் போகாமல்
வீட்டுக்கு வருகிறேன்.
காற்று இருக்கிறது. நிழலுக்குத் தகரம் இருக்கிறது.
மத்தியானம் மோட்டார்சைக்கிள் வராத அரைமணியில்
வலை வீசுகிறவர்களைப் பார்த்தபடி கண்ணயரலாம்.
சம்பளம் முப்பத்தெட்டாயிரம்.
மாவும் மருந்தும் பெற்றோலும் போனபிறகு
நூற்றெழுபது ரூபாய்.

கோல் எடுத்தவர் பெயர் கோகுலராஜ்.
களுவாஞ்சிகுடியில், மேல்மாடியில், ஏசி போட்ட கந்தோர்.
லீசிங்கும் நுண்கடனும்.
எண்பத்தையாயிரம், கொமிஷன் வேறு, பைக்கும் அவர்களே தருவார்கள்.
"படிப்பு பரவாயில்லை தம்பி.
ரெண்டு கரையிலயும் ஆர் எவர் எண்டு
உமக்குத் தெரியுமே,
அதுதான் எங்களுக்கு வேணும்."

எனக்கு என்ன தெரியும் என்று
அன்றிரவு எண்ணிப் பார்த்தேன்.
யோகமலர் அக்கா தையல் மெஷினை விற்றது தெரியும்,
பழைய சாரத்தால் மூடி அது என் பாதையில்தான் போனது.
மேசன் தவராசா வெள்ளிக்கிழமை கூலி வாங்கி
சனிக்கிழமை இல்லாதவன் ஆவது தெரியும்.
காத்தான்குடியிலிருந்து துணி கொண்டுவரும் உவைஸ் நானா
கடன் கொப்பியை எந்தப் பக்கெற்றில் வைப்பார் என்று தெரியும்,
அதை வெளியே எடுக்காமலே திரும்புகிற நாட்களும்.
"மறுகா தாறன் தம்பி" என்று சொல்லும்போது
யார் யாருடைய பார்வை
தண்ணீருக்குப் போகும் என்பதும்.

அந்த மறுகாக்களை
கட்டின் பின்மட்டையில் புள்ளியாய்ப் போட்டுவைப்பேன்.
பலர் தந்தார்கள்.
ஒருவர் மூன்று மாதம் கழித்து, எல்லாம் குற்றிக்காசாய்,
கூடவே ஒரு பூசணிக்காய்.
தராதவர்களுக்கு நானே போட்டேன்.

வதனி அப்படியும் சொல்லவில்லை, இப்படியும் சொல்லவில்லை.
மகனின் கண்ணாடிக்கு மட்டக்களப்பில் எழுதித் தந்த துண்டை
மேசையில் வைத்து
பறக்காமல் உப்புப் போத்தலை ஏற்றினாள்.
"பாலம் வந்தா உங்கட வேலை என்னாகும்?"
அதை மட்டும் கேட்டாள்.
பாலம் மூன்று தேர்தலாய் வருகிறது.
ஆனாலும் போன கிழமை மஞ்சள் தொப்பி போட்ட இரண்டு பேர்
கரை மண்ணைக் குழாயில் எடுத்துக்கொண்டு போனார்கள்.
அவர்களுக்கும் நான்தான் டிக்கற் கிழித்தேன்.

நல்லவன் என்று என்னைச் சிலர் சொல்வதுண்டு.
வேலை சுகமென்பதால் நல்லவனாய் இருந்தேனோ என்னவோ.
இருபது ரூபாயை விட்டுக்கொடுப்பது லேசு.
ஐயாயிரத்தை?
மாதக் கடைசியில்,
டார்கெற் எழுதிய பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு?

இன்று பத்தேகாலுக்கு, நடு வாவியில், திரும்பவும் கோல்.
"என்ன முடிவு தம்பி?"
எஞ்சின் சத்தத்துக்கு மேலே
வாய்க்கு வந்தது ஒரே ஒரு சொல்.
"மறுகா சொல்லுறன் சேர்."
அவர் சிரித்தார்.
"நீர் முதல்ல விட வேண்டியதே அந்தச் சொல்லைத்தான்."

கரை முட்ட இன்னும் கொஞ்சத் தூரம்.
மூன்று பைக், ஒரு லான்ட்மாஸ்டர், எல்லாரிடமும் வாங்கியாயிற்று.
கடைசியாக ஸ்கூட்டியோடு ஒரு பெண், புது முகம்,
கைப்பையைக் கிளறிக்கொண்டே நின்றாள்.
"சில்லறை இல்ல அண்ணன், மறுகா தரட்டா?"

தலையாட்டினேன், வழக்கம்போல.
பிறகு, ஆறு வருடத்தில் முதல் தடவையாக,
"வீடு எவ்விடம்?" என்று கேட்டேன்.

ஊர் விசாரிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு
ஒழுங்கையின் பெயர், கேற்றின் நிறம்,
நாய் கட்டித்தான் கிடக்கும் என்பது வரை
சந்தோஷமாய்ச் சொன்னாள்.