இருபத்தாறாவது கிலோமீட்டர்

மின்வாரியத்தில் எனக்குக் கட்டண கவுண்டர்.
கண்ணாடியில் ஓர் ஓட்டை,
வாரம் முழுக்க அதன் வழியே கைகள்.
அந்த ஞாயிறு மட்டும் கால்கள்.

கோவில்வெண்ணியில் மூடிக் கிடக்கும் ரைஸ்மில் வாசல்.
தஞ்சாவூரிலிருந்து நள்ளிரவில் கிளம்பியவர்களுக்கு
நீடாமங்கலம் இன்னும் ஆறு கிலோமீட்டர்.
மடக்கு மேசை, பேசின் இரண்டு,
பஞ்சு, ஊசி, டெட்டால், குளுக்கோஸ் பெட்டி.
எங்கள் ஆரஞ்சு உடுப்பின் முதுகில்
'உதவி' என்று அச்சடித்திருந்தார்கள்,
நாங்கள் கேட்பதைப் போல.

தைப்பனியில் முதல் ஆள் வந்தார், நிற்கவே இல்லை.
நான் நீட்டிய தம்ளர்
நீட்டியபடியே இருந்தது.
ஏழு மணிக்குத்தான் நிஜமான ஜனம்.
பாதிச் சாலையில் நெல் காயப் போட்டிருந்தது,
மிதிக்காமப் போங்க, மிதிக்காமப் போங்க என்று
துடைப்பத்தோடு ஒரு பெண்.
காலுறையெல்லாம் சுணை.

மன்னார்குடி ஆஸ்பத்திரிக்கு ஒரு டயாலிசிஸ் எந்திரம்,
அதற்காகத்தான் நடை.
என் பேசினுக்கு வந்து சேர்ந்தபோது
எல்லாருக்கும் அது மறந்திருந்தது.
கொப்புளம் நினைவிருந்தது.

எண்பத்தெட்டாம் எண், தமிழாசிரியர்,
குதிகாலை என் மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்:
"இதே வெண்ணியில
முதுகுல புண்பட்டவன் வடக்க பாத்து உக்காந்தே செத்தானாம்.
எனக்குக் குதிகால்தான். நான் கிழக்க போகணும்,
சீக்கிரம் கட்டும்மா."

வலிக்குதா, வலிக்குதா என்று
எல்லாரையும் கேட்டேன்.
ஆமாம் என்றார்கள்,
சிலர் கொஞ்சம் பெருமையாக.

அப்புறம் வைரக்கண்ணு. வல்லத்தில் டீக்கடை.
ஷூவைக் கழற்றினார். காலுறை சிவந்திருந்தது.
உள்ளங்காலில் ஒடிந்து நின்றது
விரற்கடை நீளக் கருவேல முள்.
எங்கே ஏறியதோ, எத்தனை மைல் கூட வந்ததோ.
"வலிக்குதாண்ணே?"
"இல்லையே" என்று சிரித்தார்.

அன்று கேட்ட பதில்களில்
அதற்குத்தான் பயந்தேன்.

"சுகர் எத்தன வருஷமா?"
"பதினொண்ணு."
நர்சிங் படித்த ஜெபமாலை
என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள்.
சொல்கிற வேலை எனக்கு வந்தது.
"இதுக்கு மேல வேண்டாம்ணே."

"கிலோமீட்டருக்குப் பத்து ரூபா,
நாப்பது பேரு எழுதிக் குடுத்துருக்கான்.
மிச்ச ஆற யாரு நடப்பா? நீயா?"

இரண்டாயிரத்து நானூறு
என்றது என் வாய். கவுண்டர் புத்தி.

அவர் கை ஷூவுக்குப் போவதற்குள்
இடது ஷூவை இழுத்து
மேசைக்கடியில் என் காலிடுக்கில் ஒளித்துக்கொண்டேன்.
ஐம்பது தாண்டிய மனிதரிடம்
பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல.
திட்டினார்.
என்னை, ஜெபமாலையை, கருவேல மரத்தை,
ஒருமுறை தன் காலையும்.

சாதிக்கின் ஏஸ் வண்டி
நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டியிருந்தது.
வர முக்கால் மணி ஆகும் என்றான்.
கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.
"இப்புடியா கலக்குவாங்க?"
என் கையிலிருந்த பாத்திரத்தைப் பிடுங்கினார்.

குளுக்கோஸ் தண்ணீரை
ஒரு முழ உயரத்திலிருந்து ஆற்றினார்.
பனியில் அந்த நீண்ட கோடு
அறுபடவே இல்லை.
வருகிறவர் கைக்கு
எப்படியோ தம்ளர் தானாகப் போய்ச் சேர்ந்தது.
யாரும் நிற்கவில்லை, யாரும் விடவுமில்லை.
ஒரு பையன் சூடா இல்லையா என்று கேட்டான்.

சிந்தியதில் எறும்பு.
ஜெபமாலை துடைக்கப் போனாள்.
"இருக்கட்டும்மா" என்றார்.
"இந்தக் கோயில்ல
எறும்புக்கு ரவையும் சர்க்கரையும் போட்டா
சுகர் எறங்கும்பாங்க.
போன வருஷம் நானும் போட்டேன்."
இறங்கியதா என்று சொல்லவில்லை.
நாங்களும் கேட்கவில்லை.

வண்டி வந்தது.
ஷூவைக் கொடுத்தேன். கையில் பிடித்தபடி ஏறினார்.
நாற்பது பேரும்
ஆறு கிலோமீட்டருக்குச் சேர்த்துக் கொடுத்தார்களா, தெரியாது.

திங்கட்கிழமை மறுபடி கைகள்.
டீக்கறை படிந்த விரல் ஏதாவது உள்ளே வந்தால்
குனிந்து அவர் காலைப் பார்க்கத் தோன்றுகிறது.
கண்ணாடிக்குக் கீழே சுவர்.
அறுநூத்தி எழுபது, என்கிறேன்,
சில்லறை இருக்கா?