மிகையளவு

ஈசூன். அக்டோபர். மாலை ஆறேகால்.
நாளைக் காலை எட்டு மணிக்குச் செய்முறைத் தேர்வு.
ஆய்வகத்துக் குளிர்சாதனம் வழக்கம்போல ஒழுகி
மேசைமேல் இருந்த மூன்று புட்டிகளின்
பெயர்ச்சீட்டுகளை நனைத்துவிட்டது.
நான் எழுதிய மூன்று பெயர்களும்
ஒரே நீலமாய் வழிந்து கிடக்கின்றன.

துத்தநாகம், அலுமினியம், கால்சியம்.
மூன்றும் தண்ணீர்போல.
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாலும்
என் கட்டைவிரல் ரேகைதான் பெரிதாகத் தெரிகிறது.

புதிதாய்க் கலக்கிவிடு என்றாள் ரோஸ்னா,
கைப்பையைத் தோளில் மாட்டியபடி.
கலக்கலாம். தராசு அறையைப் பூட்டியாயிற்று,
சாவி துறைத்தலைவரிடம்,
துறைத்தலைவர் எம்ஆர்டியில், போனை எடுக்கவில்லை.
அதோடு, சொல்லக் கூச்சம்தான்,
எனக்கு இது வேண்டியிருந்தது.

பதினொரு ஆண்டுகளாக
விடைகளைப் புட்டியில் ஊற்றுகிறவள் நான்.
முத்திரையிட்ட உறையைப் பிரித்துப் படித்து
எது எது என்று தெரிந்தே கலக்குகிறவள்.
தெரியாமல் ஒரு சோதனைக்குழாய்முன் நின்றது
பதினாறு வயதில்.

முதலில் சோடியம் ஹைட்ராக்சைடு, சொட்டுச் சொட்டாக.
மூன்றிலும் வெள்ளை.
ஒன்று அரிசி களைந்த நீர்;
மற்ற இரண்டும் இளநீர் வழுக்கை மாதிரி, குழைவாக.
இந்த இடத்தில்தான் அன்றைக்கு நிறுத்தினேன்.
நாலு சொட்டு. ஐந்தாவதற்குப் பயம்.
‘வெள்ளை வீழ்படிவு, கரையவில்லை’ என்று எழுதிவிட்டு
மணி அடிக்கும்வரை பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
அது கரையாமல் இல்லை;
கரையும்வரை நான் ஊற்றவில்லை.
அந்த வித்தியாசத்துக்கு இரண்டு மதிப்பெண்.
(வாழ்க்கையே அதில் திரும்பியது என்றெல்லாம் சொல்லமாட்டேன்.
கணக்கிலும்தான் கோட்டைவிட்டேன்.)

இன்றைக்கு ஊற்றுகிறேன்.
குலுக்குகிறேன். இன்னும் ஊற்றுகிறேன்.
இரண்டு குழாய்களில் வெள்ளை மெலிந்து
நூலாகி, இருந்த இடம் தெரியாமல் போகிறது.
மூன்றாவது அப்படியே நிற்கிறது. சரி, கால்சியம்.
உன்னோடு தொல்லை இல்லை.

மீதி இரண்டுக்கும் புதுக்குழாய், அமோனியா.
மூடியைத் திறந்ததும் மூக்கில் குத்திக்
கண்ணில் நீர். அழுதாள் என்று யாரும் எழுதிவிட வேண்டாம்;
கண்டது வேறு, ஊகித்தது வேறு.
வெளியே மழை பிடித்துக்கொண்டது.

மறுபடி இரண்டும் வெள்ளை. மறுபடி மிகையளவு.
நடுப்புட்டிதான் துத்தநாகம் என்று
மனசுக்குள் எப்போதோ முடிவுகட்டிவிட்டேன்,
வைத்த இடத்தை வைத்து.
நடுப்புட்டி கரையவில்லை.
இன்னும் ஊற்றினேன். கரையவில்லை.
அலுமினியம் என்று நான் சத்தியமே செய்திருக்கக்கூடிய
இடப்பக்கத்துப் புட்டி
சத்தமில்லாமல் தெளிந்தது.

இன்னொரு முறை செய்தேன். மூன்றாம் முறையும்.
காவலர் ஹனிஃபா எட்டிப் பார்த்து
விளக்கை அணைக்கலாமா என்றார்.
இந்தமுறை பென்சிலால் எழுதி ஒட்டினேன்.
பென்சில் வழியாது.

காலையில் இரும்பு மட்டும் புதிதாய்க் கரைத்தேன்.
அதை இரவே செய்துவைக்க முடியாது;
காற்றுப் பட்டால் வேறு ஆளாகிவிடும்.

கதவின் கண்ணாடிச் சதுரம் வழியே
கடைசி வரிசையில் ஒரு பையன், ஒரு காலுறை இறங்கியிருக்கிறது.
அவன் குழாயில் அழுக்குப் பச்சை,
மேல்விளிம்பில் பழுப்பு ஏறிக்கொண்டிருக்கிறது.
‘பச்சை’ போலத் தெரியும் ஒரு சின்னச் சொல்லை அடிக்கிறான்.
குழாயைப் பார்க்கிறான். அடித்ததற்கு மேலேயே
இன்னொரு சின்னச் சொல், பிறகு ஏதோ நீளமாய்.
இங்கிருந்து படிக்க முடியாது.
படித்தாலும் நான் வாய் திறக்கக்கூடாது,
கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

அடுத்த குழாய். நடுப்புட்டி.
சொட்டுக்குழாயைச் செங்குத்தாய்ப் பிடிக்கிறான், நல்ல பிள்ளை.
வெள்ளை.
மூன்று. நான்கு.
நிறுத்துகிறான். பேனாவை எடுக்கிறான்.
எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது.
பேனாவை வைக்கிறான்.

ஐந்து.