ஊமைக் குறி

திரையின் கீழ்மூலையில்
தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு பெட்டி.
அதற்குள் முக்கோணம், இரட்டைக் கோடு, சதுரம்,
தட்டை வெளியே தள்ளும் சின்னக் கூரை.
சுட்டியை மேலே நிறுத்தினால்
மஞ்சள் சீட்டொன்று எழும்பும்:
பெயர் தெரியாத தட்டு. பதினொரு தடங்கள்.

ஃபோவிங்கலில், தொங்கு ரயிலுக்குக் கீழே
பழஞ்சாமான் சந்தையில்
பன்னிரண்டு யூரோவுக்கு வாங்கிய கணினி.
விற்றவர் விசைப்பலகையை இனாமாய்த் தந்தார்;
உள்ளே தட்டு இருந்தது அவருக்கும் தெரியாது.

முதல் மூன்று நாள் சத்தமே இல்லை.
நொடிகள் மட்டும் ஓடின, 0:41, 0:42,
ஊருக்கு அழைத்து மறுமுனை பேசாதபோது
காசு கரையுமே, அதுபோல.

நாலாம் நாள் பெட்டியை வலப்பக்கம் சொடுக்கி
ஒலிக்கலவையைத் திறந்தேன்.
முதன்மை. அலை. மைக். சிடி.
நான்கு தண்டுகளில் சிடியின் அடியில் மட்டும்
குட்டிச் சதுரத்துக்குள் ஒரு சரிக்குறி: ஊமை.
யாரோ எப்போதோ இட்டது.
எடுத்தேன்.
அறைக்குள் பியானோ வந்தது,
ஈரக் குடையோடு வந்த விருந்தாளிபோல்
எங்கே நிற்பதென்று தெரியாமல்.

ஆனாலும் ஏதோ குறைந்தது.
தாளம் உண்டு, நடை உண்டு,
வளைவுகளில் யாருக்கோ வழிவிட்டு
ஒதுங்கும் பணிவுகூட உண்டு.
போகிற ஆளைத்தான் காணோம்.
ஒரு ஸ்பீக்கர் செத்துவிட்டதென்று
சமநிலைத் தண்டை இடம் தள்ளினேன், வலம் தள்ளினேன்.
வயரைத் திருகினேன்.
பேஸைக் குறைத்தேன், ட்ரெபிளைக் கூட்டினேன்.
சோற்றுப் பானையில் மூக்குத்தி தேடுகிறவளாய்த்
துழாவினேன்.

என் பிழைப்பு பற்கள்.
பார்மெனில் பொய்ப்பல் செய்யும் கூடம்.
காலையில் வரும் அச்சுகளில் சாந்து ஊற்றி
விழுந்த பல் விட்டுப்போன பள்ளத்துக்கு
அளவெடுப்பேன்.
எந்த வாயிலும் எனக்கு
இல்லாததன் வடிவம்தான் முதலில் தெரியும்.
அப்பேர்ப்பட்ட எனக்கே
இந்த ஓட்டை பழுதாகப் பட்டது.

யோலந்தா சிரித்தாள், முகமூடிக்குள்,
உரசும் இயந்திரத்தை நிறுத்தாமலே:
“பழுதில்லையடி. பயிற்சித் தட்டு.
பியானோவை அவர்கள் வாசிப்பார்கள்.
கிளாரினெட்டோ வயலினோ
நீதான் கொண்டுபோக வேண்டும்.
பள்ளியில் என்னிடமும் ஒன்று இருந்தது,
மூன்றாம் தடத்தைத் தாண்டியதே இல்லை.”

அன்றிரவு ஆறாம் தடம்.
1:17இல் பியானோ நிற்கும்.
இரண்டு ஆவர்த்தனம் போல ஒன்றுமில்லை.
என் முறை.
எனக்கு ஒரு வாத்தியமும் தெரியாது.
பாடலாம் என்று வாயைத் திறந்தேன்,
கொட்டாவி வந்தது.
சரி, காலி இடத்தில் என்னதான் இருக்கிறதென்று
ஒலித்தண்டை மேலே, இன்னும் மேலே,
நூறு வரை ஏற்றினேன்.

நாற்காலி முனகியது. தாள் புரண்டது.
மூக்கால் மூச்சை இழுத்து
விடாமல் பிடித்துக்கொண்டு
எந்த வருடத்திலோ, எந்த ஊரிலோ ஒரு மனிதர்
நான் முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

தண்டை இறக்க மறந்துபோனேன்.
1:26இல் அவர் மூச்சை விட்டு
இரண்டு கையாலும் இறங்கினார்.
ஜன்னல் அதிர்ந்தது.
தேநீரில் வட்டம் எழுந்தது.
கீழ்வீட்டு ஹில்ஷர் அம்மா
வெப்பக் குழாயைக் கரண்டியால் அடித்தார்,
டங், டங், டங்.
மணி பத்தே கால்.

பதினெட்டுக்கு இறக்கினேன்.
கொஞ்சம் பொறுத்து
1:17க்கே பின்னால் இழுத்து
மறுபடி ஏற்றினேன், 1:25இல் இறக்க
விரலைத் தயாராய் வைத்தபடி.
ஏழு தடவை. ஏழிலும் ஒரு தடவை தப்பியது,
கரண்டி ஒரே ஒரு டங்கோடு மன்னித்தது.

“கடைசியில் என்னதான் வாசித்தாய்?”
மறுநாள் யோலந்தா கேட்டாள்.
கடைவாய்ப்பல் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி
“தண்டு” என்றேன்.
அவளுக்குப் புரியவில்லை.
சாந்து இறுகிக்கொண்டிருந்தது,
அடுத்த அச்சை எடுத்தேன்.