மூன்றாம் நம்பர்

மூன்றாம் நம்பர் சைக்கிள் டக் டக் என்கிறது
என்று பெல்ஜியத்து அம்மா கையால் நடித்துக் காட்டினார்.
ஒரு மிதிக்கு ஒன்று. தவறாமல்.
கானாடுகாத்தானில் எங்கள் ஓட்டலுக்கு
கப்பலில் வந்த சைக்கிள்கள் நான்கு.
அறைச் சாவியோடு சேர்த்துக் கொடுப்போம்.
பூட்டு, குழாய், ஏசி, கொசுவலைக் கிழிசல்
எல்லாம் என் வேலை. இதுவும்.

பள்ளத்தூரில் காசிம் கடைக்கு உருட்டிப் போனேன்.
சுத்தியலோடு குனிந்தவர்
கோட்டர் பின்னைத் தேடினார்.
இந்தப் பக்கம். அந்தப் பக்கம். கவிழ்த்துப் போட்டும்.
அடிக்க ஒன்றும் இல்லை.
"பின்னே இல்லாம எப்படிம்மா நிக்குது?"
சுத்தியலை வைத்துவிட்டு டீ சொன்னார்.

டீ ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.
இடது கை, அச்சு, வலது கை
மூன்றும் மூன்று இல்லை.
ஒரே கம்பி, இரண்டு இடத்தில் மடங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.
ஓட்டல் இருக்கும் வீட்டுக்கு நாற்பத்தொரு பங்கு;
ஈப்போவிலிருந்து ஒரு கையெழுத்து இன்னும் வரவில்லை.
இதைப் பங்கு பிரிக்க முடியாது.
வந்தால் முழுசாகத்தான் வரும்.

மறுநாள், அடைக்கலம் அண்ணன் அடுப்பு பற்றவைக்கும் முன்
இடது பெடலில் ஸ்பேனரைப் போட்டு
வழக்கம்போல் திருப்பினேன். இறுகியது.
ஏறி நின்று திருப்பினேன்.
முட்டித் தோல் போயிற்று. இன்னும் இறுகியது.
எந்தக் குழாயும் என்னை இப்படிச் செய்ததில்லை.
இடது பக்கம் எதிர் மரை:
கழற்ற வேண்டுமென்றால் பூட்டுகிற பக்கம் திருப்பு.
தலைக்குப் புரிந்த பிறகும்
கை சம்மதிக்க நேரமாயிற்று.

பெரிய நட்டுக்கும் அதே பிடிவாதம்.
நாக்கு வைத்த வாஷர். பள்ளம் வெட்டிய கோன்,
ஸ்க்ரூ டிரைவர் நுனியால் தட்டித் தட்டி.
செயினை இறக்கி
அந்த வளைந்த இரும்பைச் சாய்த்து, நிமிர்த்தி, மறுபடி சாய்த்து
குறுகிய மாடிப்படியில் பீரோ இறக்குவதுபோல்
வலது பக்கமாக உருவி எடுத்தேன்.

உள்ளே கிரீஸ்
வெந்த கவுனி அரிசியாகக் கறுத்துத் திரண்டிருந்தது.
யாரோ முன்பே திறந்திருக்கிறார்கள்.
இடது குண்டுக் கூட்டைத் திருப்பிப் போட்டு மூடியிருக்கிறார்கள்.
நெளிந்து, தேய்ந்து, ஓரிடத்தில் பிய்ந்து
ஒன்பதில் ஏழுதான் மிச்சம்.
மற்ற இரண்டின் பொடிதான்
பெல்ஜியத்து அம்மாவிடம் பேசியது.

ஜெனரேட்டர் டீசலில் கிண்ணங்களைக் கழுவி
விரலைவிட்டுச் சுற்றிப் பார்த்தேன்.
வழவழப்பு. பள்ளம் இல்லை. தப்பித்தது.

காரைக்குடியில் இரண்டு நூல் குண்டு எல்லாக் கடையிலும் உண்டு.
இரண்டரை நூல் கேட்டால் சிரிக்கிறார்கள்.
கடைசியில் மோட்டார் பேரிங் விற்பவரிடம்
ஒரு டப்பாவின் அடியில், தலா நான்கு ரூபாய்.
கூடு இல்லாமல் போட்டால் பதினொன்று நிற்கும்.
நெருக்கினால் பன்னிரண்டாவதும் நுழையப் பார்க்கும்.
விடக் கூடாது. உருள ஒரு மூச்சு இடம் வேண்டும்.

கோனை இறுக்கினால் முனகியது, தளர்த்தினால் ஆடியது.
நட்டைப் பூட்டும்போது கோனும் ஒரு இழை கூடவே போய்விடும்,
அதற்கும் சேர்த்து முன்னமே தளர்த்தி வைக்க வேண்டும் என்பது
நாலாவது தடவைதான் தெரிந்தது.

அந்த அம்மா முந்தின நாளே மதுரைக்குப் போய்விட்டார்.
லெனின் சார் ரிஜிஸ்டரைத் தள்ளினார்.
மூன்றாம் நம்பர். குண்டு பன்னிரண்டு, நாற்பத்தெட்டு ரூபாய்.
சத்தம் இல்லை.
"இல்லைன்னு யார் பார்த்தது, பூச்செல்வி?"
அதுவும் சரிதான்.

சீருடையோடு ஏறினேன்.
விருந்தினர் சைக்கிளில் நாங்கள் ஏறுவதில்லை.
பூட்டிய வீடுகள், பூட்டிய வீடுகள், ஒரு மருந்துக்கடை,
ரயிலடி வரை
என் காது காலடியிலேயே இருந்தது.
பன்னிரண்டாவது குண்டு பாக்கெட்டில்.
தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த ஆடுகள்
நான் வருவது கேட்காமல் அசை போட்டன.
பிரேக் பிடித்தேன்.
கிரீச்சென்றது.

அது நாளைக்கு.